மானுக்கு இரண்டு விலை

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், பையனோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு வீடு தட்டுப்படும். இங்கே பள்ளிக்கூடம், அப்புறம் கிண்டியிலோ சிதம்பரத்திலோ இன்ஜினியரிங், அப்புறம் விமானம். அவர்களில் ஒருவர் மினசோட்டாவில் வீடு வாங்கி, சிட்டிசனும் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். (கற்பனைதான். யாரும் இதில் தன்னைத் தேட வேண்டாம்!) கூட வேலை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு வயோமிங் மாநிலத்துக்கு 'எல்க்' வேட்டைக்குப் போகிறார்கள். எல்க் என்றால் நம்மூர் கடமானின் அண்ணன் மாதிரி ஒரு பெரிய மான். இவரையும் கூப்பிடுகிறார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று லைசென்ஸ் விலையைப் பார்க்கிறார். அங்கேதான் தலை சுற்றுகிறது.

வயோமிங்கிலேயே குடியிருப்பவருக்கு ஒரு எல்க் லைசென்ஸ் 57 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 692 டாலர். அதையும் நினைத்தவுடன் வாங்க முடியாது, குலுக்கலில் பெயர் வர வேண்டும். குலுக்கலில் கொஞ்சம் கூட்டம் குறைந்த வரிசை வேண்டுமென்றால் 'ஸ்பெஷல்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். திருப்பதியில் இருப்பது போலத்தான், காசு கூட, க்யூ குறைவு. இந்த ஸ்பெஷல் லைசென்ஸ் 1,268 டாலராக இருந்தது. 2023-இல் சட்டம் போட்டு, 2024 முதல் 1,950 டாலர் ஆக்கிவிட்டார்கள். அதே மான், அதே மலை, அதே துப்பாக்கி... உள்ளூர்க்காரர் கொடுப்பதைப் போல முப்பத்து நான்கு மடங்கு.

இதோடு முடியவில்லை. வயோமிங்கில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதாவது மினசோட்டாக்காரர் கட்டும் வரியிலும் பராமரிக்கப்படும் நிலம். ஆனால் அந்த நிலத்திலேயே 'வில்டர்னஸ்' என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பெரிய விலங்கு வேட்டைக்கு வெளிமாநிலத்தவர் தனியாகப் போக முடியாது. வழிகாட்டி ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிப் போக வேண்டும், அல்லது உள்ளூர்க்காரர் ஒருவர் துணைக்கு வர வேண்டும். அதே இடத்தில் சும்மா நடந்து போய்ப் படம் பிடித்துவிட்டு வர எந்தத் துணையும் வேண்டாம். கரடி வந்தால் கேமராக்காரனை விட்டுவிடும் போலிருக்கிறது.

ஏன் இப்படி? நிலம் தேசத்துக்குச் சொந்தம், ஆனால் அதில் ஓடும் மான் மாநிலத்துக்குச் சொந்தம் என்பது அங்கே பழைய சித்தாந்தம். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. 1979-இல் வேறொரு வழக்கில், காட்டு விலங்கு யாருக்கும் அப்படிச் 'சொந்தம்' ஆகாது என்று அதை மாற்றிவிட்டார்கள். ஆனால் விலங்கைப் பராமரிக்கும் பொறுப்பும் அதற்குக் கட்டணம் வைக்கும் அதிகாரமும் மாநிலத்திடமேதான் இருக்கின்றன.

பராமரிப்புக்குப் பணம்? இங்கேதான் சூட்சுமம். மேற்கு மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் பொது பட்ஜெட்டை நம்பி ஓடுவதில்லை. பெரும்பாலும் லைசென்ஸ் விற்ற காசிலும், 1937-இல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலிக்கும் வரியின் பங்கிலும்தான் ஓடுகின்றன. சம்பளம் ஏறுகிறது, ஜீப்புக்கு டீசல் ஏறுகிறது, ஆனால் உள்ளூர்க்காரரின் லைசென்ஸைப் பத்து டாலர் ஏற்றினால் அடுத்த தேர்தலில் அவர் கணக்குத் தீர்த்துவிடுவார். மினசோட்டாக்காரருக்கு வயோமிங்கில் ஓட்டு கிடையாது. யாருக்கு ஓட்டு இல்லையோ அவரிடம் விலை ஏற்றுவது உலகத்திலேயே சுலபமான காரியம். இது ஒன்றும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு அல்ல. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பார்க்க 2018-இல் விலை ஏற்றினார்களே, நமக்கு 30-லிருந்து 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 500-லிருந்து 600 ரூபாய். நாம் யாராவது முணுமுணுத்தோமா?

இந்த வித்தியாசம் நியாயமா என்று கேட்டு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வயோமிங் இல்லை, பக்கத்து மாநிலமான மொன்டானா. 1976 சீசனில் அங்கே உள்ளூர்க்காரர் எல்க் மட்டும் சுட 9 டாலர் கட்டினால் போதும். வெளிமாநிலத்தவருக்கு அப்படித் தனி லைசென்ஸே கிடையாது; எல்க்கோடு மற்றதையும் சேர்த்துக் 'காம்பினேஷன்' ஆகத்தான் வாங்க வேண்டும், 225 டாலர். அதே காம்பினேஷன் உள்ளூர்க்காரருக்கு 30 டாலர். வேட்டைக்கு ஆள் கூட்டிப் போகும் தொழில் செய்த ஒரு மொன்டானாக்காரரும், மினசோட்டாவைச் சேர்ந்த சில வேட்டைக்காரர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1978 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் மாநிலத்தின் பக்கம், மூவர் எதிர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, அது இல்லாமல் யாருடைய பிழைப்பும் கெட்டுவிடாது, ஆகவே எல்லா மாநிலத்தவரையும் சமமாக நடத்தியே தீர வேண்டிய விஷயங்களில் இது சேராது என்பது தீர்ப்பின் சாரம்.

இதற்கு முப்பது வருஷம் முன்னால் இதே நீதிமன்றம் இதே மாதிரி இன்னொரு வழக்கைப் பார்த்திருக்கிறது. 1948. தெற்குக் கரோலினா மாநிலம், கடற்கரையில் இறால் பிடிக்கும் படகுகளுக்கு லைசென்ஸ் வைத்தது. உள்ளூர்ப் படகுக்கு 25 டாலர், வெளிமாநிலப் படகுக்கு 2,500 டாலர். நூறு மடங்கு! வழக்குப் போட்டவர்கள் பக்கத்து ஜார்ஜியாவின் இறால் மீனவர்கள். அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஏனென்றால் இறால் பிடிப்பது அவர்கள் தொழில், சோறு.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. பொழுதுபோக்குக்கு வருகிற வெளியூர்க்காரனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேள். பிழைப்புக்கு வருகிறவனை வெளியூர்க்காரன் என்று சொல்லி வதைக்காதே. கோடு நல்ல கோடுதான். இந்தியாவில் இந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதுதான் சுவாரஸ்யம். அதற்கு முன் மொன்டானா கணக்கைக் கொஞ்சம் முடித்துவிடலாம்.

1976-இன் 225 டாலர் இன்றைய விலைவாசியில் 1,200 டாலருக்கு மேல் வரும். இன்று மொன்டானாவில் வெளிமாநிலக் காம்பினேஷன் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது என்று வேட்டைக்காரர்கள் புலம்புகிறார்கள். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை! நடுவில் 2010-இல் மக்கள் ஓட்டெடுப்பு மூலம் 628 டாலரை ஒரேயடியாக 897 டாலர் ஆக்கினார்கள். உடனே என்ன ஆயிற்று? வழக்கமாகத் தீர்ந்துபோகும் லைசென்ஸ்கள் விற்காமல் மிஞ்சின. கோவிட்டுக்குப் பிறகு திரும்பவும் கூட்டம். ஆகவே அங்கே விலை ஏறுவதற்கு ஒரு இயற்கையான பிரேக் இருக்கிறது. வயோமிங் ஸ்பெஷல் மாதிரி 'காசுள்ளவனுக்குத் தனி வரிசை' வந்த பிறகுதான் பிரேக் பிடிக்காமல் போகிறது. அந்தப் பாதையின் அடுத்த முனையைப் பார்க்க வேண்டுமானால் பாகிஸ்தான் போக வேண்டும். சித்ரால் பகுதியில் மார்க்கோர் என்னும் திருகுக்கொம்பு ஆட்டைச் சுட 2024-இல் ஒரு பெர்மிட் 2,71,000 டாலருக்கு ஏலம் போனது. ஒரே ஒரு ஆட்டுக்கு! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பணத்தில் 80 சதவீதம் அந்த மலைக்கிராமத்து மக்களுக்கே போகிறது. அதனால் மற்ற ஆடுகளை அவர்களே காவல் காக்கிறார்கள். அருவருப்பான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்கிறது.

இனி நம்மூர். இந்தியாவில் ஏது வேட்டை லைசென்ஸ் என்று கேட்கத் தோன்றும். இருந்தது. அதுவும் நாம் காட்டு விலங்குகளைக் காத்த சட்டம் என்று பெருமையாகச் சொல்லும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. சட்டத்தின் 9-ஆம் பிரிவில் நான்கு வகை லைசென்ஸ்: சிறப்பு வேட்டை, பெரு வேட்டை, சிறு வேட்டை, உயிரோடு பொறிவைத்துப் பிடிப்பது. மூன்றாம் அட்டவணைக்குப் பெயரே 'பெரு வேட்டை விலங்குகள்'. புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. கட்டணம் கட்டி, லைசென்ஸ் வாங்கி, சுட்டதை நோட்டில் குறித்துக் காட்ட வேண்டும். புலி மாதிரி முதல் அட்டவணையில் இருந்தவை மட்டும் தப்பித்தன. புலி வேட்டைக்கு 1970-லேயே தடை வந்துவிட்டது. அதுவரை அமெரிக்காவிலிருந்து டாலர் கட்டிப் புலி சுட வந்தவர்களுக்காகவே இங்கே ஷிகார் கம்பெனிகள் நடந்தன. நம் மினசோட்டா நண்பரின் சகாக்களுடைய தாத்தாக்கள் யாராவது வந்திருந்தாலும் வந்திருப்பார்கள்.

லைசென்ஸ் வேட்டை மொத்தமாக ஒழிந்தது 1991 திருத்தத்தில்தான். அதாவது சட்டம் வந்து பத்தொன்பது வருஷம் கழித்து.

தமிழ்நாட்டில் இந்த லைசென்ஸ் கலாசாரத்துக்கு வேர் இன்னும் ஆழம். 1877-இல் நீலகிரியில் துரைமார்களும் தோட்டக்காரர்களும் சேர்ந்து வேட்டைச் சங்கம் ஒன்று வைத்தார்கள். 1879-இல் அவர்கள் கேட்டபடி நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதங்களில் சுடக்கூடாது என்பதற்குக் கெடு வைக்கும் சட்டம். பின்னால் லைசென்ஸ், கட்டணம், ஆளுக்கு இத்தனை என்ற அளவு எல்லாம் வந்தன. வரையாடு இன்று மிஞ்சியிருப்பதில் அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஏற்பாட்டில் யார் உள்ளூர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று பாருங்கள். லண்டனிலிருந்து கப்பலேறி வந்து லைசென்ஸ் கையில் வைத்திருப்பவர் 'ஸ்போர்ட்ஸ்மேன்'. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே கிடந்து, வீட்டுச் சட்டிக்கு ஒரு முயலோ கேளையாடோ பிடித்த குறும்பரும் இருளரும் 'திருட்டு வேட்டைக்காரர்'. வயோமிங்கில் வெளியூர்க்காரனுக்கு விலை ஏறியது. இங்கே சொந்த ஊர்க்காரனே வெளியூர்க்காரன் ஆனான்.

பெங்களூரில் வாழ்ந்து சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்களைப் படித்தவர்களுக்குப் பைரா என்ற பூசாரியைத் தெரிந்திருக்கும். காட்டில் தடம் பார்ப்பதில் ஆண்டர்சனுக்கே வாத்தியார். அந்தப் பைராவின் பிழைப்பு, ராத்திரியில் ஒளிந்திருந்து மான் சுடுவது. அதாவது சட்டப்படி குற்றவாளி. துரைக்குத் துப்பாக்கியும் லைசென்ஸும் உண்டு, பைராவுக்குக் காடு தெரியும். ஒருவர் பெயர் புத்தக அட்டையில் வந்தது.

நெய்வேலிக்கு வருவோம். இங்கே காடு கிடையாது, எல்க்கும் கிடையாது. ஆனால் சுரங்கத்திலிருந்து இறைத்துக் கொட்டும் தண்ணீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. தண்ணீர் இருந்தால் கொக்கு, நாரை, வாத்து எல்லாம் வரும். கடலூர் மாவட்டத்தின் ஏரிக்கரைகளில் ஒரு காலத்தில் நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கிச் சத்தம் சர்வ சாதாரணம். கரிமருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல். காடை, கௌதாரி, கொக்கு பிடித்து, கொஞ்சம் தின்று, மிச்சத்தைச் சந்தையில் விற்று அரிசி வாங்குவார்கள். 1972 சட்டத்தில் காடையும் கௌதாரியும் வாத்தும் 'சிறு வேட்டை'. சென்னையிலிருந்து காரில் வந்து ஏரியில் வாத்து சுடும் கனவான் விண்ணப்பம் நிரப்பி, பணம் கட்டி, லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். வீடே இல்லாமல் ஊர் ஊராகப் போகிறவர் எந்த முகவரியில் விண்ணப்பிப்பது? சுட்ட காடையை எந்த நோட்டில் குறிப்பது?

அமெரிக்க நீதிமன்றம் பிழைப்புக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவில் போட்ட கோட்டை நாம் அப்படியே தலைகீழாகப் பிடித்தோம். பொழுதுபோக்குக்கு லைசென்ஸ் கொடுத்தோம், பிழைப்புக்கு வழக்குப் போட்டோம். 1991-க்குப் பிறகு இருவருக்குமே கிடையாது என்று ஆனது. கனவானுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, அவ்வளவுதான். மற்றவருக்கு அடுப்பு போனது. ஊசிமணி, பாசிமணிக்கு மாறினார்கள். பேருந்து நிலையங்களில் நாம் பார்ப்பது அந்த மாற்றத்தைத்தான்.

இதைச் சொன்னால் 'அப்படியானால் கொக்கைச் சுட விடலாமா?' என்று கேட்பார்கள். வேண்டாம். வேட்டைத் தடை சரிதான். பறவைகள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் அதில் விவாதமே இல்லை. ஆனால் தடை போட்டபோது அதன் விலையை யார் கட்டினார்கள் என்று ஒரு கணக்கு வேண்டாமா? மார்க்கோர் ஆட்டின் 80 சதவீதத்தை மலைக்கிராமத்துக்குக் கொடுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறார்கள். இங்கே நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். வனவிலங்குச் சட்டம் வந்து சரியாக ஐம்பது வருஷம்.

யார் உள்ளூர், யார் வெளியூர் என்ற கேள்வி நெய்வேலிக்குப் புதிதல்ல. ஜம்புலிங்க முதலியார் கிணறு வெட்டப் போய்க் கறுப்பாக ஏதோ வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1956-இல் கம்பெனி வந்தது, எல்லா மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், டவுன்ஷிப் எழுந்தது. இரண்டாவது அனல் மின் நிலையத்தின் கரண்ட் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி வரை போகிறது. எல்க் மாதிரி வெளிமாநிலத்தவருக்கு முப்பத்து நான்கு மடங்கு விலை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் முன்பே இங்கு இருந்தவர்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்தில் நின்ற நெல்லின் மேல் வாய்க்கால் வெட்டப் பொக்லைன் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நஷ்ட ஈடு உண்டு, சட்டப்படி எல்லாம் சரி என்றார்கள். நீலகிரியிலும் எல்லாம் சட்டப்படிதான் இருந்தது.

காட்டுப்பன்றி விஷயத்தில் இப்போது துப்பாக்கி கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பயிரை அழிக்கிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்காகக் கத்திய பிறகு, 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுவது வனத்துறை ஊழியர் மட்டுமே. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிடலாம், துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் வந்து சுடலாம், அவருக்குக் கூலியும் உண்டு. வயோமிங்கில் சுட 1,950 டாலர் கட்ட வேண்டும், பாலக்காட்டில் சுட்டால் காசு கொடுக்கிறார்கள். நம் மினசோட்டா நண்பருக்கு யாராவது சொல்லலாம்!

வனவிலங்குச் சட்டத்தை 2022-இல் மறுபடி திருத்தினார்கள். இந்தியாவில் ஏறியது லைசென்ஸ் கட்டணம் அல்ல, அபராதம்: பொதுவான குற்றங்களுக்கு 25,000 ரூபாயாக இருந்தது ஒரு லட்சம் வரை ஆனது. மூன்று வருஷம் வரை சிறை அப்படியே இருக்கிறது. 9-ஆம் பிரிவில் அந்த நான்கு லைசென்ஸ்களின் சுவடே இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு மட்டும் 1972-லிருந்து அப்படியே நிற்கிறது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த வேட்டை உரிமையை இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பாதிக்காது என்கிறது அது. கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, நோட்டு இல்லை. இந்தியா முழுவதிலும் சட்டத்தில் அப்படிப் பெயர் சொல்லி விட்டுவைத்தது அவர்களை மட்டும்தான்.